நோல்டேயின் அலைகள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பெர்லினில் வரலாறு படிக்கிறேன். எமில் நோல்டேயின் கடல் ஓவியங்கள் என்றால் எனக்கு உயிர். அவர் நாஜிக் கட்சியில் இருந்தார் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அறையில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிவிட்டேன். ஆனால் நாஜிகளே அவரைத் தடைசெய்தார்களே, பிறகு எப்படி அவர் நாஜியாக இருக்க முடியும்? 2019இல் அப்போதைய ஜெர்மன் ஆட்சித் தலைவர் மெர்க்கெல் தன் அலுவலகத்திலிருந்து நோல்டே ஓவியங்களைத் திருப்பி அனுப்பியது சரியா? கலையையும் கலைஞனையும் பிரித்துப் பார்க்கக் கூடாதா?

கு.

அன்புள்ள கு.,

ஒரு படத்துக்காக இப்படி மனம் கலங்குகிறவர்கள் அரிது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கலையையும் கலைஞனையும் பிரிக்கும் கேள்விக்கு என்னிடம் பதில் கேட்காதீர்கள், சலித்துவிட்டது. மெர்க்கெல் விஷயமும் பெரிதல்ல. ஆட்சித் தலைவரின் அறை அருங்காட்சியகம் இல்லை. பதிலுக்கு இன்னொரு ஜெர்மன் ஓவியரான ஷ்மிட்-ரோட்லுஃப்பின் ஓவியங்களை மாட்ட நினைத்தார்கள். அவருடைய பழைய கடிதங்களிலும் யூத வெறுப்பு இருந்ததால் அதையும் கைவிட்டார்கள். உத்தமர்களை மட்டுமே மாட்டுவோம் என்று கிளம்பினால் கடைசியில் சுண்ணாம்புதான் மிஞ்சும்.

"பிறகு எப்படி" என்று கேட்டீர்களே, கோபம் வந்தது அதில்தான். வரலாறு படிக்கிறவர் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்திருக்க வேண்டாமா? 1933இல் சக ஓவியர் பெக்ஸ்டைனை யூதர் என்று அரசு அதிகாரியிடம் காட்டிக்கொடுத்தார் நோல்டே. பெக்ஸ்டைன் யூதரே அல்ல. 1934இல் நோல்டே நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய படைப்புகள் ஆயிரத்துக்கும் மேல் பறிக்கப்பட்டன. வேறெந்த ஓவியருக்கும் அவ்வளவு பறிபோகவில்லை. 1937இல் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று அவற்றில் பலவற்றை மாட்டி ஊரே சிரிக்க வைத்தார்கள். மனிதர் என்ன செய்தார்? 1938இல் நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஜெர்மன் கலைக்குள் அந்நியர் நுழைவதை எதிர்த்து வெளிப்படையாகப் போராடியவன் நான், என் படங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று. அடித்த கையைப் பிடித்துக்கொண்டு, ஆளை மாற்றி அடித்துவிட்டீர்கள் என்று முறையிட்டவர் அவர். 1941இல் வந்த தடையும் தொழில் தடைதான். விற்கவோ காட்சிக்கு வைக்கவோ கூடாது. வீட்டில் அவர் வரைந்துகொண்டுதான் இருந்தார்.

சென்னையில் நான் ஜெர்மன் படித்தபோது எங்கள் ஆசிரியை சீக்ஃப்ரீட் லென்ஸின் 'ஜெர்மன் பாடம்' நாவலைச் சொல்லுவார். ஓவியர் வரையக் கூடாதென்று பெர்லினிலிருந்து உத்தரவு. அதை நிறைவேற்றும் கிராமத்துப் போலீஸ்காரர் அவருடைய பழைய நண்பர். சொல்லும்போதே ஆசிரியையின் குரல் தழுதழுக்கும். நாவலில் ஓவியர் பெயர் நான்சென், நோல்டேயின் இயற்பெயர் ஹான்சென். 1968இல் வந்த அந்தக் கதையை ஒரு தலைமுறையே வரலாறாகப் படித்தது. ஏன்? போருக்குப் பிந்தைய ஜெர்மானிய நடுத்தர வர்க்கத்துக்கு, யூதரும் அல்லாத, கம்யூனிஸ்டும் அல்லாத, நாட்டைவிட்டு ஓடவும் செய்யாத ஒரு பாதிக்கப்பட்டவர் தேவைப்பட்டார். அவருடைய துன்பத்தில் தங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். முன்னாள் ஆட்சித் தலைவர் ஹெல்முட் ஷ்மிட் போன்ற நோல்டே ரசிகர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நம்பினார்கள். அதுதான் எனக்கு அச்சமூட்டுகிறது. தடைசெய்யப்பட்டவன் என்றதும் நாம் விசாரணையை நிறுத்திவிடுகிறோம்.

படத்தைத் திரும்ப மாட்டுங்கள். மெர்க்கெல் திருப்பி அனுப்பியவற்றில் ஒன்றான அலை ஓவியம் 1936இல் வரையப்பட்டது, நோல்டே கட்சியில் இருந்தபோதே. நல்ல ஓவியம். கோடையில் டென்மார்க் எல்லையருகே ஸேபுல்லில் இருக்கும் நோல்டேயின் வீட்டுக்கும் போய் வாருங்கள், தோட்டம் அற்புதமானது. போகும் முன் நூலகத்தில் அவருடைய தன்வரலாற்றின் 1934 பதிப்பையும் போருக்குப் பிந்தைய பதிப்பையும் அருகருகே வைத்துப் படியுங்கள். எந்த வரிகளெல்லாம் காணாமல் போயின என்று எனக்கு எழுதுங்கள்.