படம் முதலிலா, கதை முதலிலா?

அன்புள்ள ஐயா,

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ஓவியமும் கதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த முறை கடல்வாழ் உயிரினங்களை எடுத்துக்கொண்டோம். ஆசையாக வரைகிறார்கள். எழுதச் சொன்னால் "ஒரு கடலில் ஒரு மீன் இருந்தது" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். முதலில் எழுதவைத்துவிட்டு அப்புறம் வரையச் சொல்லலாமா?

ச.

அன்புள்ள ச.,

படமே முதலில் வரட்டும். ஆனால் அதற்கும் முன்னால் அந்த உயிரைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வெறுமனே 'மீன்' என்றால் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஆக்டோபஸை எடுத்துக்கொள்வோம். மூன்று இதயம், நீல ரத்தம் என்றால் வகுப்பே வாயைப் பிளக்கும். கதைக்கு உதவுவது வேறொன்று. அதன் கைகளில் உள்ள உறிஞ்சிகளுக்கு ருசி தெரியும். நரம்புச் செல்களிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, பெரிய தாளில் எட்டுக் கைகளையும் வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு கையும் ஒவ்வொன்றைத் தொடட்டும்: பாறை, நண்டு, யாரோ வீசிய பாட்டில், இன்னொரு ஆக்டோபஸ். தொட்டதும் அந்தக் கைக்கு என்ன தோன்றியது என்று அதன் வளைவை ஒட்டியே ஒரு வரி எழுதட்டும். ஒரு கைக்குப் பிடித்தது இன்னொரு கைக்குப் பிடிக்காமல் போகிற இடத்தில் கதை தொடங்கிவிடும்.

எழுதியதும் மறுபடி படத்துக்கு வாருங்கள். பல வகுப்புகளில் இது விட்டுப்போகிறது. 'பயந்தது' என்று எழுதிய பிள்ளையிடம், பயந்த கை எப்படி இருக்கும் என்று கேளுங்கள். கோடு மாறும். கோடு மாறியதும் அந்த வரியையும் திருத்தத் தோன்றும்.

கடல் நத்தையின் காலிக் கூட்டுக்குள் குடியிருக்கும் துறவி நண்டும் இதற்கு அருமையான உயிர். வளர வளர அதற்குப் பெரிய கூடு வேண்டும். கூடு மாறும்போது அதன் மென்மையான வயிறு சற்று நேரம் வெளியே தெரியும். அந்த நேரத்தை மட்டும் வரைந்து எழுதச் சொல்லுங்கள்.

மீனுக்குச் சட்டை மாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பும் கதைகள் எனக்கு ஒப்பவில்லை. அதில் கடலே இல்லை. கடைசியில் நீதி என்னவென்றும் கேட்க வேண்டாம். எழுதத் தயங்கும் பிள்ளை வாயால் சொல்லட்டும். சொன்ன வார்த்தையை மாற்றாமல் படத்தின் மேலேயே நீங்கள் எழுதிக்கொடுங்கள்.