அரெஸ்ட் ரெக்கார்டை எங்க போய் தேடறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்க டெக்சாஸ்ல ஒரு சின்ன சிட்டில இருக்கோம், மொத்த ஜனமே 20,000க்குள்ளதான். வீட்டுக்குப் பின்னாடி இருக்கற போர்ஷனை வாடகைக்கு விடலாம்னு இருக்கோம். கேட்டு வந்தவர் நல்லாதான் பேசறார், வேலையும் இருக்கு, ஆனா பக்கத்து வீட்டம்மா "அஞ்சாறு வருஷம் முன்னாடி இவரைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போனாங்க"ன்னு சொல்றாங்க. சிட்டி போலீஸ் வெப்சைட்ல ஒண்ணும் கிடைக்கல. கூகுள்ல பேரைப் போட்டா ஒரு சைட் "ரெக்கார்டு கிடைச்சிருக்கு, பணம் கட்டினா காட்டறோம்"னு வருது. கட்டலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: கட்டாதீங்கம்மா. அந்த மாதிரி சைட்ல உங்க பேரையே போட்டுப் பாருங்க, உங்களுக்கும் "ரெக்கார்டு கிடைச்சிருக்கு"ன்னு வந்தாலும் வரும். அதுவும் போக, பெரும்பாலான அந்த சைட்லயே கீழ பொடி எழுத்துல "வேலைக்கு எடுக்கவோ வீடு விடவோ இதை வச்சு முடிவு பண்ணக்கூடாது"ன்னு அவங்களே போட்டிருப்பாங்க, அதை யாரும் படிக்கறதில்ல.

சிட்டி போலீஸ் சைட்ல இல்லாததுல ஆச்சரியமே இல்ல. சின்ன சிட்டில போலீஸ்கிட்ட இருந்தா ரெண்டு மூணு செல் இருக்கும், பிடிச்ச ஆளை கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க. கைரேகை, போட்டோ, என்ன சார்ஜ், பெயில் எவ்வளவுங்கறதெல்லாம் அங்கதான் பதிவாகும், அந்த ஜெயிலை நடத்தறது ஷெரிஃப், அதாவது கவுன்டியோட போலீஸ் தலைவர். அதனால தேட வேண்டியது ஷெரிஃப் ஆபீஸ் சைட்ல இருக்கற ஜெயில் ரோஸ்டர், அதாவது கைதிகள் பட்டியல். ஆனா அதுல இப்ப உள்ள இருக்கறவங்க பேரும், சில இடத்துல சமீபத்துல வெளிய வந்தவங்க பேரும்தான் இருக்கும். அஞ்சாறு வருஷம் முன்னாடி நடந்தது அதுல இருக்காது.

பழசுக்கு கோர்ட்டுதான். டெக்சாஸ்ல இதுலயும் ஒரு குழப்பம் உண்டு: பெரிய குற்றம்னா கோர்ட் ரெக்கார்டை வச்சிருக்கற டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிட்ட இருக்கும், அதுக்குக் கீழ உள்ளது பொதுவா கவுன்டி கிளார்க்கிட்ட, வெறும் ஃபைனோட முடியற சின்ன கேஸெல்லாம் முனிசிபல் கோர்ட்லயோ, ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்ங்கற சின்ன கேஸ் ஜட்ஜோட கோர்ட்லயோ. ஒரு இடத்துல தேடிட்டு "ஒண்ணுமில்ல"ன்னு வந்துடறவங்கதான் அதிகம். ஆன்லைன்ல இல்லன்னா நேர்ல கவுன்டர்ல போய் பேரும் பிறந்த தேதியும் குடுத்துக் கேளுங்க, ஏன் கேக்கறீங்கன்னு நீங்க விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. சின்ன ஊருல இது ஒரு வசதி, கியூ இருக்காது, கிளார்க்கும் பொறுமையா எடுத்துக் காட்டுவாங்க.

போலீஸ்கிட்டயே கேக்கணும்னா எழுத்துல கேளுங்க, ஈமெயில் போதும். எல்லாரும் எஃப்ஓஐஏன்னு (தகவல் கேக்கற உரிமைச் சட்டம்) சொல்லிட்டே இருக்காங்களே, அது 1966ல வந்த ஃபெடரல் சட்டம், ஃபெடரல் ஆபீஸுக்கு மட்டும்தான். உங்க ஊர் போலீஸுக்கு செல்றது டெக்சாஸ் பப்ளிக் இன்ஃபர்மேஷன் ஆக்ட். கைதானவர் யாரு, என்ன சார்ஜ்ங்கற அடிப்படை விவரத்தை கேஸ் நடக்கும்போது கூட அவங்க மறைக்க முடியாது. மத்ததைத் தர விருப்பமில்லன்னா பொதுவா 10 வேலை நாளுக்குள்ள ஸ்டேட் அட்டர்னி ஜெனரல்கிட்ட (ஸ்டேட்டோட தலைமை வக்கீல்) மறைக்கலாமான்னு கேட்டாகணும்.

இதைப் படிக்கற மத்த ஸ்டேட்காரங்களுக்கும் சொல்லிடறேன், எல்லா ஊருலயும் கவுன்டின்னு போயிட முடியாது. கனெக்டிகட்லயும் ரோட் ஐலண்ட்லயும் கவுன்டி அரசாங்கமே கிடையாது, ஜெயிலை ஸ்டேட்டே நடத்துது. வர்ஜீனியாவுல 38 சிட்டி எந்தக் கவுன்டிலயும் சேராம தனியா இருக்கு, சுத்தி இருக்கற கவுன்டி கோர்ட்ல தேடினா பல சிட்டிக்குக் கிடைக்காது. விஸ்கான்சின், அயோவா, மிசூரி ஆளுங்க குடுத்து வச்சவங்க, ஸ்டேட் முழுக்க ஒரே கோர்ட் சைட்ல ஃப்ரீயா தேடலாம்.

இப்ப முக்கியமான விஷயம். பேரு பொருந்தினா மட்டும் அவர்தான்னு நினைச்சுடாதீங்க, பிறந்த தேதி பொருந்தணும். நம்ம ஆளுங்க பேருன்னா இன்னும் மோசம், அப்பா பேரு லாஸ்ட் நேமா இருக்கும், இல்ல பாஸ்போர்ட்ல ஒரே பேரா இருந்து முன்னாடி எஃப்என்யூன்னு (ஃபர்ஸ்ட் நேம் தெரியாதுங்கறதோட சுருக்கம்) ஒட்டியிருக்கும், ஜெயில்ல டைப் பண்றவர் எதை எங்க போட்டார்னு அவருக்கே தெரியாது, அதனால மாத்தி மாத்திப் போட்டுத் தேடணும். ஆளு அவரேதான்னு உறுதியானா அடுத்து பாக்க வேண்டியது டிஸ்போசிஷன்ங்கற கட்டம், அதாவது கேஸ் எப்படி முடிஞ்சதுன்னு. டிஸ்மிஸ்ட்னு இருக்கா, கேஸ் போடலாமான்னு முடிவு பண்ற கிராண்ட் ஜூரி நோ பில்னு, அதாவது வழக்கு வேண்டாம்னு, திருப்பி அனுப்பிட்டாங்களா, இல்ல தண்டனையா? ஒருத்தர் கைதானார்ங்கறதை மட்டும் வச்சு அவர் தப்பு பண்ணினார்னு சொல்ல முடியாதுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1957லயே சொல்லிடுச்சு. பக்கத்து வீட்டம்மா பாத்தது போலீஸ் கூட்டிட்டுப் போனதை மட்டும்தான், மறுநாளே விட்டுட்டாங்களான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்.

எனக்குத் தெரிஞ்சு இதுக்கெல்லாம் சுலபமான வழி, அவர்கிட்டயே நேரா கேட்டுட்டு, அவர் சம்மதத்தோட வாடகைக்கு வர்றவங்களைப் பத்தி விசாரிச்சுக் குடுக்கற முறையான டெனன்ட் ஸ்க்ரீனிங் கம்பெனில ரிப்போர்ட் எடுக்கறதுதான். 1970ம் வருஷத்து ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி, தண்டனைல முடியாத அரெஸ்ட் 7 வருஷத்துக்கு மேல பழசா இருந்தா பொதுவா அவங்க ரிப்போர்ட்ல போடக்கூடாது. அந்த ரிப்போர்ட்டைப் பாத்து நீங்க வீடு தர மாட்டேன்னா, அதுக்கு நோட்டீஸ் குடுக்கணும், எந்தக் கம்பெனி ரிப்போர்ட்னும் சொல்லணும். சும்மா "வேற ஆளுக்கு விட்டுட்டோம்"னு நழுவக்கூடாது.

கேள்வி: என் சித்தப்பா பையன் ஒரு சின்ன ஊர்ல எம்எஸ் படிக்கறான். நேத்து ராத்திரி கார்ல போகும்போது போலீஸ் நிறுத்தினதா ஃப்ரெண்டு சொல்றான், அப்புறம் ஃபோனே எடுக்கல. எங்க இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?
— ஒரு அண்ணன்

பதில்: தம்பி, முதல்ல அவனை எங்க நிறுத்தினாங்கன்னு கேளுங்க, அவன் எங்க குடியிருக்கான்ங்கறது இதுக்கு உதவாது. நிறுத்தின இடம் எந்தக் கவுன்டியோ அந்த ஷெரிஃப் ஜெயில் ரோஸ்டர்ல தேடுங்க. உடனே பேரு வராது, பதிவு முடிய மணிக்கணக்குல ஆகும், அதனால சைட்ல இல்லன்னா ஜெயில் நம்பருக்கே ஃபோன் பண்ணி பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க. வைன்லிங்க்னு ஒரு ஃப்ரீ சைட் இருக்கு, நிறைய ஸ்டேட்டோட ஜெயில் அதுல வரும். இமிக்ரேஷன்காரங்க கொண்டு போயிருப்பாங்கன்னு பயம் இருந்தா ஐஸ்ங்கற இமிக்ரேஷன் போலீஸோட டிடெய்னி லொகேட்டர்ல (பிடிபட்டவங்களைத் தேடற சைட்) பேரும் பிறந்த நாடும் போட்டுப் பாருங்க.

அவன் கூப்பிட்டா என்ன நடந்துச்சுன்னு ஃபோன்ல விசாரிக்காதீங்க, ஜெயில் ஃபோனை ரெக்கார்டு பண்ணுவாங்க. "நல்லா இருக்கியா, லாயர் பாக்கறோம், யார்கிட்டயும் எதுவும் பேசாத" அவ்வளவுதான். வாரன்ட் இல்லாம பிடிச்சிருந்தா பொதுவா 48 மணி நேரத்துக்குள்ள ஒரு ஜட்ஜ் அந்த அரெஸ்ட்டைப் பாத்தாகணும். இன்னொண்ணு, பேரு ரோஸ்டர்ல வந்த உடனே "நான் ஷெரிஃப் ஆபீஸ்லேர்ந்து பேசறேன், கிஃப்ட் கார்டுல பெயில் கட்டுங்க"ன்னு வீட்டுக்கு ஃபோன் வரலாம். அது ஃப்ராடு. வச்சிடுங்க.

குடிச்சிட்டு ஓட்டினதுன்னா கிரிமினல் லாயரோட சேத்து இமிக்ரேஷன் லாயரையும் பாக்கணும், ஏன்னா கேஸ் முடியறதுக்கு முன்னாடியே விசாவை ரத்து பண்ண முடியும்.

கேள்வி: என் மேல போட்ட கேஸ் டிஸ்மிஸ் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனா கூகுள்ல என் பேரைப் போட்டா ஜெயில்ல எடுத்த போட்டோ (மக்ஷாட்) வருது. எடுக்க முடியுமா?
— வாசகர்

பதில்: முதல் வேலை கோர்ட்ல எக்ஸ்பஞ்ச்மென்ட் (ரெக்கார்டையே அழிக்கறது), இல்ல ரெக்கார்டு சீலிங் (வெளியாள் பாக்காம மூடி வைக்கறது). எது கிடைக்கும்ங்கறது ஸ்டேட்டைப் பொறுத்தது. பென்சில்வேனியால 2018ல க்ளீன் ஸ்லேட்னு சட்டம் கொண்டு வந்தாங்க, தகுதியான கேஸை மனுவே போடாம தானா சீல் பண்ணிடும். மத்த ஸ்டேட் சிலதும் அதைப் பின்பற்றியிருக்கு, இருந்தாலும் நிறைய இடத்துல நீங்கதான் மனு போடணும். ஆர்டர் கையில வந்ததும் அந்த சைட்டுக்கு காப்பி அனுப்புங்க. எடுக்கறதுக்குப் பணம் கேட்டா குடுக்காதீங்க, ஒரு சைட்ல எடுத்தா இன்னொரு சைட்ல முளைக்கும். அப்படிப் பணம் கேக்கற சைட்டோட பக்கங்களை சர்ச்லேர்ந்து எடுக்க கூகுள்லயே தனி விண்ணப்பம் இருக்கு, அதைப் போடுங்க. எஃப்பிஐகிட்ட 18 டாலர் கட்டி உங்க சொந்த ரெக்கார்டையும் வாங்கிப் பாருங்க, டிஸ்மிஸ் ஆனது அங்க ஏறாமலே கிடக்கறது சகஜம்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. க்ரீன் கார்டு ஃபார்ம்லயும் சிட்டிசன்ஷிப் ஃபார்ம்லயும் "எப்பவாவது கைதானதுண்டா"ன்னு கேப்பாங்க, கோர்ட் அழிச்சிருந்தாலும் அங்க ஆமான்னுதான் எழுதணும். அதனால அழிக்கறதுக்கு முன்னாடியே சர்டிஃபைடு காப்பி ரெண்டு மூணு வாங்கி வச்சுக்கோங்க, அப்புறம் கேட்டா கோர்ட்ல இருக்காது.

கேள்வி: எங்க சங்கத்து ஆள் ஒருத்தர் அரெஸ்ட் ஆனது ரோஸ்டர்ல இருக்கு. பப்ளிக் ரெக்கார்டுதானே, வாட்ஸப் க்ரூப்ல போடலாமா?
— சங்க உறுப்பினர்

பதில்: ரோஸ்டர்ல இருக்கறதை அப்படியே பகிர்றது பொதுவா குற்றமில்ல. "இவர்தான் செஞ்சார்"னு பக்கத்துல ஒரு வரி எழுதினீங்கன்னா அது அவதூறு கேஸா உங்க மேலயே திரும்பலாம். அது சரி, கேஸ் டிஸ்மிஸ் ஆச்சுன்னா அதையும் அதே க்ரூப்ல போடுவீங்களா சார்?