மீன் வாடை போனால் போதுமா?

கேள்வி: எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான். குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. இதில் பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கை கழுவினால் கட்டுப்படியாகுமா? சானிடைசர் வாங்கி வைத்தால் போதாதா?
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: கவலை நியாயமானதுதான், ஆனால் கணக்கில் ஒரு சின்னத் தப்பு இருக்கிறது. தண்ணீர் தேவைப்படுவது கையை நனைக்கவும் கடைசியில் அலசவும்தான், நடுவில் சோப்பு போட்டு 20 விநாடி தேய்க்கிறோமே, அதற்குச் சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். எண்ணெய்ப்பசையோடு ஒட்டியிருக்கும் கிருமியைப் பெயர்த்து எடுப்பதே அந்தத் தேய்ப்புதான். ஒரு சொம்பு தாராளம். ஒருவர் ஊற்ற இன்னொருவர் கழுவட்டும். டிரம்முக்குள் மட்டும் கையை விடவே கூடாது, ஒரு பிள்ளையின் அழுக்குக் கை வீட்டுத் தண்ணீர் மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

சானிடைசர் பஸ்ஸில் போகும்போது சரி, அதுவும் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால். மீன் ஆய்ந்து செதிலும் பிசுக்குமாக இருக்கிற கையில் அது எடுபடாது. வாந்திபேதியைப் பரப்பும் நோரோ வைரஸும் அதற்கு அவ்வளவு லேசில் அடங்காது, சோப்புத் தேய்ப்பில் கழுவிக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று, கோபப்படாதீர்கள். வஞ்சிரம் குழம்பு சாப்பிட்டு முடித்ததும் மூன்று தடவை சோப்பு போட்டு, மோந்து வேறு பார்க்கிறோம். சாப்பிட உட்காரும்போது? விரல் நுனியை நனைத்து முந்தானையில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான் (எங்கள் வீட்டிலும் இதே கதைதான்). வாடை யாரையும் படுக்கையில் போடாது. கக்கூஸ் போய் வந்ததும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டதும், சோற்றில் கை வைக்கும் முன்னாலும், இந்த மூன்று நேரத்துக்காவது சோப்பை ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: கிருமிகளை அழிக்கும் என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த விலை அதிகமான சோப்புதான் வாங்க வேண்டுமா?
- ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: வேண்டாம். டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருட்கள் கலந்த சோப்புகளை வீட்டு உபயோகத்துக்கு விற்கக் கூடாது என்று 2016-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சொல்லிவிட்டது. சாதா சோப்பையும் தண்ணீரையும்விட அவை ஒரு படி மேல் என்று கம்பெனிகளால் காட்ட முடியவில்லை. பெட்டிக்கடையில் கிடைக்கிற சின்னக் கட்டியே போதும். டப்பாவில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் தேய்ப்பதற்கு முன்னால் அதுவே கரைந்து போய்விடும்.