1966 மஸ்டாங் வாங்கலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்க எழுதுனதைப் படிச்சேன். மிச்சிகன் டிராய்க்கு வந்து எட்டு மாசம் ஆச்சு, ஆபீஸ் போற வழியில ஒரு வீட்டு டிரைவ்வேல 1966 ஃபோர்டு மஸ்டாங் விலைக்கு நிக்குது, வெளிர் நீலம், 289 வி8 (289 கன அங்குலம், எட்டு சிலிண்டர் இஞ்சின்), ஆட்டோமேட்டிக், பெரியவர் 24 ஆயிரம் டாலர் சொல்றார், 31 வருஷமா அவர் கையிலதான் இருக்கு, சின்ன வயசுலேர்ந்து இந்தக் கார் மேல ஆசை, புதுசா வந்தவன் இதுல இறங்கலாமான்னு கேட்டிருந்தீங்க.

இறங்கலாம். ஆனா ரெண்டாவது காரா மட்டும்தான், அதுவும் பூட்டி வைக்க ஒரு கராஜ் கிடைச்ச பிறகு. அபார்ட்மென்ட்ல சுவர் இல்லாத, மேல கூரை மட்டும் இருக்கற கார்போர்ட்தான் இருக்குன்னு சொன்னீங்களே, எனக்கு அது ஒண்ணுதான் உறுத்துது. விலை பரவாயில்ல, வயசும் பிரச்சனையில்ல, இந்தக் காரைப் பராமரிக்கறதுதான் வேலையே. 31 வருஷம் ஒருத்தர் கையில பத்திரமா இருந்தது ஒரே ஒரு மிச்சிகன் குளிர்காலத்துல பனி உருக ரோட்டுல போடற உப்புல துருப்பிடிச்சுப் போயிடக் கூடாது.

நான் இங்க வந்து 23 வருஷம் ஆச்சு. 2009ல ஒரு சிவப்பு 1965 மஸ்டாங் வாங்குனேன், பக்கத்து ஸ்டேட்ல போய், பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னுச்சு, ஒரு மணி நேரம் சுத்திச் சுத்திப் பாத்துட்டு சந்தோஷமா பணத்தைக் குடுத்துட்டேன். முதல் மழைக்கு என் மனைவியோட செருப்பு நனைஞ்சுது. கார்பெட்டைத் தூக்கிப் பாத்தா தரை இருக்க வேண்டிய எடத்துல தகரத்தை ரிவெட் அடிச்சு மேல தார் பூசி வச்சிருந்தாங்க, ஸ்க்ரூடிரைவரால லேசா குத்துனேன், அது அப்படியே உள்ள போய் கீழ சிமென்ட் தரையைத் தொட்டுச்சு. சரி பண்ண ஆன செலவு கார் விலையில பாதிக்கு மேல. அன்னிக்கு கராஜ்ல உக்காந்து அழுதேன், அந்த வலி உங்களுக்கு வரக்கூடாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

அந்தத் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னா, முன் கண்ணாடிக்குக் கீழ காத்து போறதுக்கு வரிசையா ஓட்டை இருக்கும்ல, அதுக்கு அடியில இருக்கற தகடுதான் இந்தக் காருக்கு எமன். இலை சருகு விழுந்து, ஈரம் தங்கி, உள்ளயே துருப்பிடிச்சுடும், வெளியிலேர்ந்து தெரியவே தெரியாது. அதனால ஒரு சொம்புத் தண்ணி கேளுங்க, பெரியவர் அனுமதியோட அந்த ஓட்டைகள்ல மெதுவா ஊத்துங்க, தண்ணி முன் மட்கார்டுக்குப் பின்னாடி கீழ வழிஞ்சா நல்லது, உள்ள கால் வைக்கற எடத்துல சொட்டுச்சுன்னா கிளம்பி வந்துடுங்க. அப்புறம் டிக்கியைத் திறந்து மேட்டைத் தூக்குங்க, இந்த மாடல்ல பெட்ரோல் டேங்க்கோட மேல்பாகம்தான் டிக்கி தரையே, அதனால அங்க துரு இருந்தா நேரா டேங்க் துருன்னு அர்த்தம். ஃப்ரிட்ஜ்ல ஒட்டற மெல்லிசு காந்தத்தைத் துணியில சுத்தி கதவுக்கு அடிப்பக்கம், பின் சக்கரத்துக்குப் பின்னாடி, முன் மட்கார்டு கீழ் ஓரம் எல்லாம் வச்சுப் பாருங்க, ஒட்டாத எடத்துல பட்டி போட்டிருக்காங்க. கொஞ்சம் பட்டி இருந்தா பரவாயில்ல, 60 வருஷ வண்டி, எங்கயாவது இடிச்சிருக்கும். சக்கரத்துக்குப் பக்கத்துல அடிச்சட்டத்துல இருந்தா மட்டும் வேண்டவே வேண்டாம்.

பானட்டைத் திறந்ததும் டிரைவர் பக்கத்து உள் மட்கார்டு மேல அடிச்சிருக்கற நம்பரைப் பாருங்க. முதல்ல 6, அது வருஷம். அடுத்த எழுத்து எந்த ஃபேக்டரின்னு சொல்லும்: F இருந்தா நம்ம மிச்சிகன் டியர்பார்ன், R இருந்தா கலிஃபோர்னியா சான் ஹோசே, T இருந்தா நியூஜெர்சி மெட்டுச்சன், மூணு ஃபேக்டரிதான். அப்புறம் 07னா சாதாரண ரெண்டு கதவு கூப், 08 மேல்கூரை மடக்கற கன்வர்டிபிள், 09 கூரை பின்னாடி சரிவா இறங்கற ஃபாஸ்ட்பேக். அதுக்கடுத்த எழுத்து இஞ்சின்: C இருந்தா 200 குதிரைத்திறன் 289, A இருந்தா 225, K இருந்தா 271, T இருந்தா ஆறு சிலிண்டர். பெரியவர் வி8ன்னு சொல்லி அங்க T இருந்தா யாரோ பின்னாடி இஞ்சினை மாத்தியிருக்காங்க, அது குத்தமில்ல, ஆனா விலை குறையணும். 1966ல மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல மஸ்டாங் பண்ணாங்க, அதனால "அபூர்வம், இனிமே கிடைக்காது"ன்னு யார் சொன்னாலும் அவசரப்படாதீங்க. அத்தனை வண்டி ஓடுனதாலதான் இன்னிக்கும் எல்லா பார்ட்ஸும் புதுசாவே கிடைக்குது.

பிரேக் பத்தி கண்டிப்பா கேளுங்க. 1966 வரைக்கும் இதுல பிரேக் ஆயிலுக்கு ஒரே அறைதான், எங்கயாவது ஒரு எடத்துல ஒழுகுனா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போயிடும், 1967லதான் ரெண்டு அறை வந்துச்சு. ஒரிஜினலா இருக்கணும்னு பிடிவாதம் பிடிக்கறவங்க இங்க நிறைய பேர், அவங்க மேல மரியாதை உண்டு, ஆனா குடும்பத்தை ஏத்தறவங்க ரெண்டு அறை சிலிண்டரும் முன்னாடி டிஸ்க் பிரேக்கும் போட்டே ஆகணும்ங்கறது என் முடிவு. பெரியவர் ஏற்கனவே மாத்தியிருந்தா அதை நல்ல விஷயமா எடுத்துக்கங்க. பெல்ட்டும் இடுப்புக்கு மட்டும்தான், சீட்டுல தலைக்கு முட்டு கிடையாது, அதனால குழந்தையை இதுல கூட்டிட்டுப் போகாதீங்க.

பேப்பர் விஷயம் சுலபம்தான். நீங்களும் பெரியவரும் சேர்ந்து செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீசுக்குப் போயிடுங்க, மிச்சிகன்ல வண்டிப் பேப்பர் எல்லாம் அங்கதான், டைட்டில்ங்கற சொந்தக்காரர் பத்திரம் அங்கயே உங்க பேருக்கு மாறிடும், 6 சதவீத வரி கட்டணும், 24 ஆயிரத்துக்கு 1,440 டாலர், அதையும் கணக்குல வச்சுக்கங்க. இன்ஷூரன்ஸ்தான் உங்களுக்குக் கொஞ்சம் இடிக்கும். பழைய காருக்குன்னே தனி பாலிசி இருக்கு, நம்ம மிச்சிகன் டிராவர்ஸ் சிட்டியிலயே ஹாகர்ட்டின்னு பெரிய கம்பெனி இருக்கு, காரோட மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்குவாங்க, தேய்மானம்னு கழிக்க மாட்டாங்க. ஆனா இந்த மாதிரி பாலிசிக்குப் பொதுவா தினசரி ஓட்ட வேற கார் இருக்கா, பூட்டற கராஜ் இருக்கா, லைசென்ஸ் எடுத்து எவ்வளவு நாளாச்சுன்னெல்லாம் கேப்பாங்க, அதனால அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு போன் பண்ணிக் கேட்டுடுங்க. கடன் வாங்கி வாங்காதீங்க தம்பி, விசா நிலைமை எப்ப எப்படி மாறும்னு நம்ம கையில இல்ல.

நான் இப்ப வச்சிருக்கற 1966 வண்டி 2013ல வாங்குனது. அதோட பழைய சொந்தக்காரர் டியர்பார்ன்ல இருக்கற ஃபோர்டோட ரூஜ் ஃபேக்டரியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், வண்டியோட ஒரு நோட்டுப் புக்கும் குடுத்தார், ஒவ்வொரு ஆயில் மாத்துன தேதியும் மைலும் பென்சில்ல எழுதி, எல்லாம் ஒரே கையெழுத்து. நான் அந்தக் காரை வாங்குனதே அந்த நோட்டுக்காகத்தான்னு சொல்லலாம். உங்க பெரியவர்கிட்டயும் பில்லு, ரசீது, போட்டோ என்ன இருக்குன்னு கேளுங்க, அவசரப்படாம உக்காந்து பேசுங்க, முப்பது வருஷம் பாத்துக்கிட்டவருக்கு அந்த வண்டியோட ஒவ்வொரு சத்தமும் தெரியும். நவம்பர்ல டேங்க்கை நிரப்பி, பெட்ரோல் கெடாம இருக்க ஸ்டெபிலைசர் ஊத்தி, பேட்டரிக்கு சார்ஜர் மாட்டி மூடி வைக்கறது, ஏப்ரல்ல ரெண்டு மூணு நல்ல மழை ரோட்டு உப்பைக் கழுவுன பிறகு வெளிய எடுக்கறது, இதெல்லாம் எனக்கு என் வண்டியோட அந்தப் பழைய சொந்தக்காரர் சொல்லிக் குடுத்ததுதான். ஆகஸ்ட் மூணாவது சனிக்கிழமை வுட்வர்ட் ரோட்ல டிரீம் க்ரூஸ்னு நடக்கும், 1995லேர்ந்து நடக்குது, ஃபெர்ண்டேல்லேர்ந்து பான்டியாக் வரைக்கும் பழைய கார் கூட்டம்தான். அவர் உயிரோட இருந்த வரைக்கும் வருஷா வருஷம் என் பக்கத்து சீட்டுல உக்காந்து வந்தார், இப்ப அவர் பொண்ணு வர்றாங்க.

கராஜ் வாடகைக்கு ஸ்டெர்லிங் ஹைட்ஸ் பக்கம் தேடிப் பாருங்க. பெரியவர்கிட்ட போறதுக்கு முதல் நாளே போன்ல, நான் வர்றதுக்கு முன்னாடி இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னு சொல்லிடுங்க. போனதும் பானட் மேல கை வச்சுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கணும். ஆக்சிலேட்டரை ரெண்டு தடவை அமுக்கி விட்டு சாவியைத் திருப்புங்க, அப்பதான் சோக் விழும், அதாவது குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலா போக காத்தைக் குறைக்கற மூடி. நல்ல கார்புரேட்டர்னா ஒரு சில செகண்ட்ல பிடிச்சுக்கும், கொஞ்சம் வேகமா ஓடி அப்புறம் தானா அடங்கும். அந்த நேரத்துல பின்னாடி போய் சைலன்சர் புகையைப் பாருங்க. வெள்ளையா வந்து கொஞ்ச நேரத்துல மறைஞ்சா குளிருக்கு வர்ற ஆவி, நீலமா வந்துக்கிட்டே இருந்தா ஆயில் எரியுது. சனிக்கிழமை காலைல போறதா இருந்தா சொல்லுங்க, எனக்கும் லீவுதான், காந்தம் என்கிட்டயே இருக்கு.