தீ அலாரம் அடித்ததும் ஆட்களை வெளியேற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஆபீஸில் மூன்று தளம், 120 பேர். ஆட்களை வெளியேற்றும் பொறுப்பாளர்களாக எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுக்கணும் சார்?

பதில்: 20 பேருக்கு ஒருவர் என்பது பொதுவான கணக்கு, உங்களுக்கு 6 பேர். லீவு, ஷிப்ட் என்று யாராவது இல்லாமல் போவார்கள், அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆளும் தேவை. பதவியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாள் முழுக்க அதே தளத்தில் இருப்பவரும், சத்தமாகப் பேசத் தயங்காதவரும்தான் வேண்டும்.

கேள்வி: தளத்தில் யாரும் தங்கிவிடவில்லை என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: வெளிவாசலுக்குத் தூரமான மூலையில் ஆரம்பித்து வாசலை நோக்கி வாருங்கள். எதிர்த்திசையில் போனால், திரும்பும் வழியைப் புகை அடைத்துவிடலாம். மூடியிருக்கும் கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்கவே கூடாது; எந்த அறை என்று மனதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். பார்த்து முடித்த அறையைச் சாத்துங்கள், பூட்டாதீர்கள். சாத்திய கதவு தீயும் புகையும் பரவுவதைத் தாமதப்படுத்தும். டாய்லெட் வாசலில் நின்று குரல் கொடுத்தால் போதாது, உள்ளே போய் ஒவ்வொரு கதவையும் தட்டுங்கள். சர்வர் ரூம், ஸ்டோர் ரூம், ஹெட்போன் மாட்டியிருப்பவர் இதெல்லாம் விட்டுப்போகும். புகை எதிரே வந்தால் சோதனை அங்கேயே நின்றுவிட வேண்டும். "பார்க்க முடியவில்லை" என்ற தகவலோடு வெளியே வாருங்கள். அந்தத் தகவல்தான் தீயணைப்பு வீரர்களுக்கு வேண்டும்.

கேள்வி: மணி அடித்தாலும் எங்கள் ஆட்கள் எழுந்திருப்பதே இல்லை!

பதில்: பக்கத்தில் இருப்பவர் எழுகிறாரா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். "அனைவரும் வெளியேறுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். "எழுந்திருங்க. இடதுபக்கப் படிக்கட்டு. பையை விட்டுடுங்க." இப்படிச் சின்னச் சின்னதாகச் சொல்லிப் பழகும்படி பொறுப்பாளர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: தீயணைப்பானை எடுத்து அணைக்கலாமா?

பதில்: குப்பைக்கூடை அளவுத் தீ, முதுகுக்குப் பின்னால் வாசல், கையில் பயிற்சி. மூன்றும் இருந்தால் மட்டும். சிறிய சிலிண்டர் அரை நிமிடத்துக்குள் காலியாகிவிடும். அணையவில்லையா, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: மேல் தளத்தில் ஒரு அம்மா சக்கர நாற்காலியில் வருகிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அவரிடமே கேளுங்கள், எப்படித் தூக்கினால் வலிக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். சாதாரண லிஃப்ட் கூடாது. படிக்கட்டில் இறக்கும் நாற்காலி வாங்கினால், அதை ஓட்டுபவர் ஆளில்லாமலும் ஆளோடும் பழகியிருக்க வேண்டும். அது இல்லையென்றால், தீத்தடுப்புக் கதவுக்குப் பின்னால் ஒதுக்கியிருக்கும் பாதுகாப்பான இடத்தில் ஒருவர் அவரோடு இருக்க, இன்னொருவர் கீழே போய் இடத்தைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: கூடுமிடத்தில் எண்ணிக்கை எப்போதும் தப்பாகிறதே?

பதில்: தலையை எண்ணாதீர்கள், பெயரைக் கூப்பிடுங்கள். வருகையாளர் பதிவேட்டை ரிசப்ஷனில் இருப்பவர் கையோடு கொண்டுவரட்டும். ஒருவர் குறைந்தால் அவரைக் கடைசியாக எங்கே பார்த்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். தேடிக்கொண்டு யாரையும் உள்ளே விடாதீர்கள்.

கேள்வி: ஒத்திகை வருடாவருடம் ஒரே மாதிரி நடக்கிறது, போதுமா?

பதில்: போதாது. அடுத்த முறை பிரதானப் படிக்கட்டில் "புகை" என்று எழுதிய அட்டையோடு ஒருவரை நிறுத்துங்கள். பொறுப்பாளர் ஒருவரை வேண்டுமென்றே விலக்கி வையுங்கள். மாற்று ஆளுக்கு வேலை தெரியுமா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.