விங்ஸ்பேனைத் தாண்டி இன்னும் நாலு

பெண்கள் வடிவமைத்த ஆட்டங்களைத் தேடியும் விங்ஸ்பேன் (பறவைகளைப் பற்றிய பலகை ஆட்டம்) தவிர வேறு கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நூலக அலமாரியில் அதோடு வைக்க, பெண்கள் வடிவமைத்த ஆட்டங்கள் இன்னும் நாலு: க்வர்க்கிள் (சூசன் மெக்கின்லி ராஸ், 108 கட்டைகள், ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' விருதான ஷ்பீல் டெஸ் யாரெஸ், 2011), ஜெங்கா (லெஸ்லி ஸ்காட், 54 கட்டைகள்), கேண்டி லேண்ட் (எலினார் அபட், 1949), வில்லேஜ் (இன்கா பிராண்டும் கணவர் மார்கஸும்). முதல் இரண்டில் பலகையே கிடையாது. கூட்டம் என்னவோ அங்கேதான் சேரும்.

தேடியும் கிடைக்காததற்குக் காரணம், பழைய பெட்டிகள் பலவற்றில் கம்பெனி பெயர் மட்டும்தான் இருக்கும். மோனோபோலியை சார்லஸ் டாரோ என்பவர் பெயரில் விற்றார்கள். அதன் மூலமான லேண்ட்லார்ட்ஸ் கேமுக்கு லிஸி மேகி 1904லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். 1935இல் மோனோபோலியை விற்ற பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி அந்தக் காப்புரிமைக்குக் கொடுத்தது 500 டாலர்.

வடிவமைத்தவர் பெயருக்குப் பெட்டியின் அட்டையோடு நிற்காமல் விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்.

ஒன்று: மோனோபோலி பெட்டியிலேயே 'மேகி வடிவமைத்தது' என்று சீட்டு ஒட்டிவிடாதீர்கள். இரண்டும் ஒரே ஆட்டமில்லை: அவருடைய ஆட்டத்தில் ஏகபோக விதிகளோடு, செல்வம் எல்லாருக்கும் பங்காகும் இன்னொரு விதித் தொகுப்பும் இருந்தது. 'மூல ஆட்டம் மேகியுடையது' என்று எழுதுங்கள்.