கிராமத்தை நகரம் விழுங்கினால் எது மிஞ்சும்?

பல்கலைக்கழக நகரத்தோடு சேர்ந்துவிட்ட கிராமத்தின் பழைய அடையாளம் எங்கே தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டு ஆண்டுகள் குடியிருந்த ஹெடிங்டன் குவாரியில் அது தரையிலேயே தெரியும். ஆக்ஸ்போர்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. போன புதிதில் ஒரு சந்து வழியாக நடந்தபோது, பக்கத்து வீட்டுக் கூரையின் இறவாரம் என் தோளுயரத்தில் நின்றது. கல் வெட்டியெடுத்த பள்ளத்துக்குள்ளேயே பிற்பாடு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

பக்கத்து ஊரான கவ்லியின் கார்த் தொழிற்சாலை வளர்ந்து, வீடுகள் நெருங்கி, 1929-ல் ஊரை நகர எல்லைக்குள் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால் அது வெறும் கையெழுத்து. 1396 வாக்கில் ஆக்ஸ்போர்டின் நியூ காலேஜ் மணிக்கோபுரத்துக்குக் கல் ஏற்றிய நாளிலிருந்தே ஊர் வண்டி வண்டியாக நகரத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

அங்கே கிடைத்தது இரண்டு வகைச் சுண்ணாம்புக்கல். கடினமானது அடிச்சுவருக்கு, மென்மையானது செதுக்க வாகானது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கல்லூரிகள் அந்த மென்கல்லைத்தான் ஆசை ஆசையாக வாங்கிக் கட்டின. நிலக்கரிப் புகையிலிருந்த கந்தகம் அதன்மேல் படிந்து, கல்லின் தோல் ஜிப்சமாகிக் கறுத்தது, கொப்புளித்தது, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கடைசியில் 20-ஆம் நூற்றாண்டில் பல முகப்புகளை உரித்து, கிளிப்ஷம் போன்ற வெளியூர்க் கல்லைப் பதித்தார்கள். பழைய ஆக்ஸ்போர்டு என்று நாம் படமெடுத்துக்கொள்ளும் சுவர்களில் பல, வயதில் நம் தாத்தாவைவிட இளையவை.

ஆண்கள் கல் வெட்டினார்கள், செங்கல் அறுத்தார்கள், கொத்து வேலைக்குப் போனார்கள். கல்லூரித் துணிகளைப் பெண்கள் வெளுத்தார்கள். 1899 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், குளிரில் கட்டட வேலை நின்றுபோன கையோடு, நாலு காசு பார்க்கலாம் என்று பருவம் தப்பி மோரிஸ் என்ற நாட்டுப்புற நடனம் ஆட ஹெடிங்டனில் ஒரு வீட்டுக்கு வந்தார்கள் குவாரிக்காரர்கள். அந்த வீட்டில் தங்கியிருந்த இசை ஆசிரியர் செசில் ஷார்ப் அதைப் பார்த்தார். கொத்தனார் வில்லியம் கிம்பர் கான்சர்டினா என்ற கைத்துருத்தி வாத்தியத்தில் வாசித்த மெட்டுகளை எழுதிக்கொண்டார். இங்கிலாந்து நாட்டுப்புற நடனத்தின் மறுமலர்ச்சிக்கு அந்தச் சந்திப்பைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

ஊர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ் புதைக்கப்பட்டிருக்கிறார். வழி கேட்டு வருபவர்கள் எல்லோரும் அவரைத்தான் தேடுவார்கள். கிம்பரின் கல்லறையும் அதே தோட்டத்தில்தான். இரண்டு ஆண்டுகளில் என்னிடம் ஒருவர்கூட அதற்கு வழி கேட்டதில்லை.